இரண்டிலும் ஒன்றுதான்

ஜூன் 3

சின்னவனுக்கு,

போனில் பேசமாட்டேன். உன் குரலைக் கேட்டால் நான் சொல்ல வந்தது பாதியில் வேறாகிவிடும். எப்போதும் அப்படித்தான் ஆகியிருக்கிறது. காகிதம் குறுக்கே பேசாது.

நீ கொடுத்த ஹார்ட் டிஸ்க் காலி.

ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் செருகினேன். இதைப் படிக்க முடியவில்லை, ஃபார்மட் செய்யவா என்று கேட்கிறது. வேறு கம்ப்யூட்டர். அதே கேள்வி. கேபிளை மாற்றினேன். அதே கேள்வி.

நாம் பிரிந்த அன்றைக்கு, பதிவுகளைச் சேர்த்துவைத்த அந்தக் கறுப்புப் பெட்டியை மேசைமேல் கவிழ்த்து, உள்ளே இருந்த இரண்டு டிஸ்க்கையும் கழற்றியது நீ. "ரெண்டுலயும் ஒண்ணுதான் இருக்கு. எது வேணுமோ எடுத்துக்கோ" என்று சொன்னதும் நீ. நான் கைக்குப் பக்கத்தில் இருந்ததை எடுத்தேன். பார்த்துக்கூட எடுக்கவில்லை. உன் முகம் கண்ணில் படாமல் அறையை விட்டு வெளியேற வேண்டியிருந்தது.

இப்போது கேட்கிறேன். எனக்குக் கொடுப்பதற்கு முன் அழித்தாயா?

ஏலக்காரரை மறந்திருக்கமாட்டாய். காய்கறிச் சந்தையில் மைக் இல்லாமல் ஏலம் விட்டவர். தொண்டையில் கட்டி, குரல்வளையையே எடுத்துவிடப் போகிறார்கள் என்று தெரிந்ததும், அது போவதற்குள் பேசி வைத்துவிட வேண்டும் என்று நம் ஒலிப்பதிவு அறைக்கு வந்தவர். அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. கழுத்தில் ஒரு துளை. மூச்சு அதன் வழியாக. பேச்சு இனி இல்லை. அவருக்கு முன்னால் வந்தவர்களின் குரலெல்லாம், எழுத்தை அடித்தால் அவரவர் குரலிலேயே பேசும் கருவிக்குள் ஏறிவிட்டது. இவருடையதை ஏற்றுவதற்குள் நாம் சண்டை போட்டுவிட்டோம்.

வீட்டில் போன் வீடியோ இருக்கிறதா என்று அவர் மனைவியிடம் கேட்டேன். எல்லாம் சந்தையில் எடுத்தவை. லாரி ஹாரன், கூச்சல், நடுவில் எங்கேயோ அவர். உதவாது.

அவர் கட்டிலில் சாய்ந்துகொண்டு, பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் சிலேட்டில் எழுதிக் காட்டுகிறார்: "என் குரல் டாக்டரம்மாகிட்ட இருக்கு."

நான் டாக்டர் இல்லை, பேச்சுப் பயிற்சி கொடுப்பவள் என்று எத்தனை முறை சொன்னாலும் அவருக்கு டாக்டரம்மாதான். இன்று காலையும் காட்டினார். நான் தலையாட்டினேன்.

ஆம் அல்லது இல்லை என்று எழுது. கதை வேண்டாம்.

அக்கா


ஜூன் 9

அக்காவுக்கு,

இல்லை.

கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டேன். இனி கதை.

என்னைக் களவாணி என்று சொல்ல முழுத்தாள் எடுத்திருக்கிறாய். புது ஊரில் எப்படி இருக்கிறாய் என்று கேட்க அதில் ஒரு வரிக்கு இடமில்லை. போகட்டும். இருக்கிறேன்.

என் டிஸ்க்கும் அதே கேள்வியைத்தான் கேட்டது. வந்த வாரமே செருகிப் பார்த்தேன். உடனே புரிந்துவிட்டது. நீதான் துடைத்திருக்கிறாய். ஆஸ்பத்திரியில் வேலை, மேசை, உன் பெயர் போட்ட கதவு. நோயாளிகளின் குரல் இவனிடம் எதற்கு என்று நினைத்திருப்பாய். ஏன் நினைக்கமாட்டாய்? நான் மைக் வாங்க வெளியே போயிருந்தபோது சுவரில் ஒட்டியிருந்த பஞ்சைக்கூடப் பிய்த்துப்போட்டவள் நீ. ஆஸ்பத்திரி வேலையில் சேரப்போகிறேன் என்று ஒரு வார்த்தை முன்னால் சொல்லவில்லை. நான் கதவைத் திறந்து "அக்கா" என்று கூப்பிட்டேன். அறை திருப்பிக் கூப்பிட்டது. அந்த எதிரொலியைக் கொல்வதற்கு எனக்கு ஒரு கோடைக்காலம் பிடித்தது. நீ ஒரு மதியத்தில் உயிர்ப்பித்துவிட்டாய்.

அதனால் 'ஆம்' என்று அழுத்தினேன். ஃபார்மட். நீ துடைத்ததை நானும் துடைத்தேன், அவ்வளவுதான். இப்போது அதில் விளம்பரக் கம்பெனி வேலை இருக்கிறது. சோப்பு. டயர். சந்தோஷமான குடும்பம் ஒன்று பெயின்ட்டைப் பற்றிப் பேசுகிறது.

காலி டிஸ்க் கொடுத்தது யார் என்று இப்போது நான் கேட்கிறேன்.

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். நமக்கு வாய்தான் வயிறு. அதையும் பிரித்துக்கொண்டாயிற்று.

சின்னவன்


ஜூன் 14

கையைக் கட்டிக்கொண்டு உட்கார். அந்த டிஸ்க்கில் இனி ஒரு எழுத்துக்கூட எழுதாதே. கேபிளைப் பிடுங்கு. இதை முதலில் செய்துவிட்டு மேலே படி.

செத்த டிஸ்க்கிலிருந்து எடுத்துத் தருகிற இடம் ஒன்று இங்கே இருக்கிறது. கண்ணாடி அறை, தலையில் உறை, கையில் உறை. நடத்துகிறவள் என் வயதுதான் இருப்பாள். ஒரு மணி நேரம் காக்கவைத்தாள். பிறகு என் டிஸ்க்கைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"இன்னொண்ணு எங்க?"

"எந்த இன்னொண்ணு?"

"மேடம், இது பாதி. ஒவ்வொரு ஃபைலையும் துண்டு துண்டா நறுக்கி, ஒரு துண்டு இதுல, அடுத்த துண்டு அதுலன்னு போட்டிருக்கு. தனியா இது ஒண்ணுமே இல்ல."

ரெண்டிலும் ஒன்றுதான் என்றார்களே என்று சொன்னேன். யார் சொன்னது என்றாள். தம்பி என்றேன். ஏன் கழற்றினீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். சிரித்துவிட்டாள்.

"சொத்து பிரிக்கறவங்ககூட கட்டிலை நடுவுல அறுத்து ஆளுக்கு ரெண்டு கால் எடுத்துட்டுப் போகமாட்டாங்க மேடம்."

எனக்கும் சிரிப்பு வந்தது. அதற்காகவும் உன்மேல்தான் கோபம்.

அந்தப் பெட்டியை வாங்கி வந்து அமைத்தது நீ. ஒரு டிஸ்க்கில் எழுதுவது அடுத்த டிஸ்க்கிலும் அப்படியே பதியும், ஒன்று செத்தாலும் ஒன்று நிற்கும் என்று எனக்குப் பாடம் எடுத்தது நீ. ஏலக்காரரிடமும் அதையே பெருமையடித்தாய். "ஐயா, உங்க குரலுக்கு ரெட்டைப் பிள்ளை." அவர் அதை வீட்டில்போய்ச் சொல்லியிருக்கிறார். அவர் மனைவி நேற்று என்னிடம் கேட்கிறார், ரெட்டைப் பிள்ளையில் ஒன்றையாவது இப்போது கொடுத்தால் என்னவாம் என்று.

ஒன்றுகூட இல்லை. இரண்டு அரைப் பிள்ளை.

என்ன செய்து வைத்தாய் அந்தப் பெட்டியில்?


ஜூன் 19

அக்காவுக்கு,

கேபிளைப் பிடுங்கிவிட்டேன். அதை நீ சொல்லித்தான் செய்ய வேண்டும் என்றில்லை.

வெறும் பெட்டி என்னிடம்தான் இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன். பின்பக்கம், மின்விசிறிக்குக் கீழே, நகத்தால் மட்டும் நகர்த்தக்கூடிய ஒரு சின்ன சுவிட்ச். நான் வைத்தது இடப்பக்கம். இரண்டிலும் ஒன்றே. இப்போது வலப்பக்கம் இருக்கிறது. ஆளுக்குப் பாதி.

அது தானாக நகராது. சும்மா நகர்த்தினாலும் பலிக்காது. உள்ளே இருப்பதை எல்லாம் வேறெங்காவது இறக்கி, பெட்டியைக் காலிசெய்து, சுவிட்சைத் தள்ளி, திரும்ப ஏற்ற வேண்டும். பொறுமை வேண்டும். நேரம் வேண்டும். நான் அறையில் இல்லாமல் இருக்க வேண்டும்.

அறைக்குச் சாவி இரண்டு பேரிடம்தான் இருந்தது.

கண்ணாடி அறைக்காரியிடம் இதையும் சொல். நன்றாகச் சிரிப்பாள்.

சின்னவன்


ஜூன் 23

ஆமாம், நான்தான் நகர்த்தினேன். அதற்கென்ன?

நீ உன் சிநேகிதன் படத்துக்குச் சத்தம் பிடிக்கிறேன் என்று காட்டுக்குப் போயிருந்தாய். போன் எடுக்கவில்லை. மைக்குக்கு முன்னால் ஒரு டீச்சர். மறுநாள் அவளுக்கு ஆபரேஷன். பதிவு நின்றது. பெட்டியில் இடமில்லை என்று வந்தது.

ஏன் இடமில்லை? நீ தள்ளிவைத்த பதிவுகள். ஒரு வாக்கியத்துக்கு ஒரு நல்ல பதிவு. அது கிடைப்பதற்கு முன் நீ பிடிக்காமல் ஒதுக்கியவை மலையாக. அழி என்றால் அழிக்கமாட்டாய். பெட்டி விற்ற கடைக்காரனைப் போனில் கூப்பிட்டேன். "பின்னாடி ஒரு சுவிட்ச் இருக்கும் பாருங்க, தள்ளுனா இடம் டபுளாயிடும்" என்றான். ஒரு டிஸ்க் இரவல் கொடுத்தான். இறக்கினேன், தள்ளினேன், ஏற்றினேன். டீச்சர் பேசி முடித்தாள். அவள் இன்று தன் குரலில் பிள்ளைகளை மிரட்டிக்கொண்டிருக்கிறாள். அதை நீ எந்தக் கணக்கில் வைப்பாய்?

நீ திரும்பி வந்ததும் சொன்னேன். வாசலிலேயே சொன்னேன். "இடம் ரெண்டு மடங்காயிடுச்சு, இனிமே உன் குப்பையை உன் லேப்டாப்புல வச்சுக்கோ." நீ என்ன சொன்னாய்? "சூப்பர்க்கா." ஷூவைக்கூடக் கழற்றவில்லை.

எனக்கு டிஸ்க்கைப் பற்றி ஒன்றும் தெரியாது. உனக்குத் தெரியும். இடம் எங்கிருந்து வந்தது என்று நீ கேட்டிருக்க வேண்டாமா? காற்றிலிருந்தா வரும்?

இன்னொன்றும் இருக்கிறது. அறையை ஏன் மூடினேன் என்று நீ இதுவரை கேட்டதில்லை. சொல்லவில்லை என்றுதான் குறைப்பட்டிருக்கிறாய். ஏலக்காரர் கைக்குட்டையில் ரத்தம் துப்பியதைப் பார்த்தேன். நீ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹெட்போனோடு உட்கார்ந்து, "நல்லாருக்குய்யா, இன்னும் ஒரே ஒருவாட்டி" என்றாய். அவரும் சொன்னார். நீ மறுபடி கேட்டாய். அந்த நிமிடம்தான் வேறு வேலை தேடத் தொடங்கினேன். உனக்குக் காது இருந்தது. கண் இல்லை.

உன் பாதியை அனுப்பு. பெட்டியோடு.


ஜூலை 1

அனுப்பியிருக்கிறேன். பெட்டி, டிஸ்க், ஸ்க்ரூ எல்லாம். கூரியர்காரனிடம் உள்ளே கண்ணாடிச் சாமான் என்று சொன்னேன். குரல் என்றால் அவனுக்குப் புரியாது.

சோப்பும் டயரும் அதிலேயே போகின்றன. விளம்பரக் கம்பெனிக்கு என்ன பதில் சொல்வது என்பது என் கவலை.

ரத்தத்தை நான் பார்க்கவில்லை. கேட்டேன். கடைசி எழுத்துகளில் ஒரு ஈரம் இருந்தது, அதனால்தான் மறுபடி சொல்லச் சொன்னேன். வாழ்நாள் முழுக்க அந்த ஈரத்தோடு அந்தக் கருவி அவருக்காகப் பேசக்கூடாது என்று கேட்டேன். நோயில்லாத குரலைக் கொடுக்க நினைத்தேன். அதை நீ கொடுமை என்று எழுதுகிறாய். எழுது. அன்றைக்கே கதவைத் திறந்து, "டேய் நிறுத்துடா" என்று ஒரு சத்தம் போட்டிருக்கலாம். நீ போடவில்லை. பேசாமல் இருந்து, பேசாமல் வேலை தேடி, பேசாமல் பஞ்சைப் பிய்த்தாய். ஊருக்கெல்லாம் பேச்சு சொல்லிக்கொடுக்கிறவள்.


ஜூலை 17

கண்ணாடி அறைக்காரி இரண்டு டிஸ்க்கையும் பெட்டியில் பூட்டி, அவளுடைய கருவியில் மாட்டி, நாள்கணக்கில் ஓடவிட்டாள். நான் தினமும் போய்க் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். அவள் உள்ளேயிருந்து உதட்டைப் பிதுக்குவாள். அதுதான் அன்றைய செய்தி.

"டிஸ்க் சாகறது பெரிய விஷயமே இல்ல மேடம். எல்லாம் சாகும். என்னைக்குன்னு சொல்லாது, அவ்வளவுதான். இது சாகவே இல்ல. உயிரோட இருக்கறது மேலயே எழுதியிருக்கீங்க."

பழைய நோயாளிகளின் பதிவுகள் பெரும்பாலும் வந்துவிட்டன. யாருக்கும் இப்போது அவை தேவையில்லை. ஏலக்காரர் கடைசியாகப் பதிவானவர். உன் சோப்பு சரியாக அவர்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. ஒரு துண்டு அவர், அடுத்த துண்டு பெயின்ட் வாங்கும் குடும்பம். "நாளை காலை" என்று தொடங்குகிறார், ஒரு பெண் சிரிக்கிறாள், "வந்துவிடுவேன்" என்று முடிக்கிறார். கண்டதுண்டமாக. முழு வாக்கியம் ஒன்றுகூடத் தேறவில்லை. 'ஆமா', 'இல்ல', 'போ' மாதிரிச் சின்னச் சின்னவை கொஞ்சம். அதை வைத்துக் குரல் செய்ய முடியாது.

அவரிடம் மறைக்கவில்லை. லேப்டாப்பைக் கட்டிலில் வைத்துப் போட்டுக் காட்டினேன். அந்தப் பெண் சிரிக்கும் இடம் வந்ததும் என் கையைத் தட்டிவிட்டார். சிலேட்டில் எழுதினார்.

"யார் அழிச்சது?"

"நாங்க" என்றேன்.

சிலேட்டைச் சுவரில் எறிந்தார். அது உடைந்தது. திட்ட வேண்டும்போல அவருக்கு வாய் அசைகிறது, கழுத்துத் துளையில் காற்று மட்டும் வந்துபோகிறது. தொழிலே வாயாக இருந்தவர். என்னைத் திட்ட அவருக்கு ஒரு வார்த்தை இல்லை. அதை நீ கேட்டிருக்க வேண்டும். இங்கே வந்து கேட்டிருக்க வேண்டும்.

எழுத வேறொன்றும் இல்லை. நீயும் எழுத வேண்டாம்.


ஜூலை 24

எழுதாதே என்றாய். எழுதுகிறேன்.

இத்துடன் ஒரு மெமரி கார்டு வைத்திருக்கிறேன். இதன் இன்னொரு நகல் என்னிடம், இன்னொன்று நான் வேலை செய்யும் இடத்து அலமாரியில். மூன்றையும் போட்டுக் கேட்ட பிறகுதான் உறையை ஒட்டினேன்.

குப்பையை உன் லேப்டாப்பில் வைத்துக்கொள் என்று சொன்னாய் அல்லவா? வைத்துக்கொண்டேன். ஏலக்காரருக்கு நான் தள்ளிய பதிவுகள் அத்தனையும் அந்தப் பெட்டிக்குள் போகவே இல்லை. அதனால் பாதியாகவில்லை. சோப்பும் ஏறவில்லை.

ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கத்துவாய். அவை இருப்பது மறக்கவில்லை. அவற்றை யாரும் கேட்கக்கூடாது என்று நினைத்தேன். இருமல், நாற்காலிச் சத்தம், ஈரம். பாதிக்கு மேல் வாக்கியமே இல்லை. வாக்கியங்களுக்கு நடுவில் அவர் என்னைத் திட்டுவது. தொழில் தெரிந்தவன் எவனும் இதைக் கொடுக்கமாட்டான். மோசமானதைக் கொடுத்துவிட்டு, அதில்தான் நீ காலம் முழுக்கப் பேசவேண்டும் என்று ஒரு மனிதனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன் கடிதத்தில் சிலேட் உடைந்த இடத்தைப் படித்த பிறகு வந்தது.

ஒன்றைக் கேட்டுப் பார்: "யோவ், 'இன்று வானம் தெளிவாக உள்ளது'ன்னு காலைலேர்ந்து சொல்லிட்டிருக்கேன். வெளிய மழை கொட்டுது. ஒருவாட்டி ஜன்னலத் தொறந்து பாருய்யா. நான் பொய் சொல்றேன்னுதான் உனக்குப் பிடிக்கல போல."

இன்னொன்றில், "உங்கக்கா மனுஷி. நீ என்ன ஜென்மம்யா?" என்கிறார். அதை வெட்டிவிடலாம் என்று பார்த்தேன். வெட்டவில்லை.

உனக்காக அனுப்பவில்லை.

சின்னவன்


ஆகஸ்ட் 20

சின்னவனுக்கு,

கத்தத்தான் நினைத்தேன். தொண்டை கட்டியிருந்தது. தப்பித்தாய்.

கருவிக்கு நான் கொடுக்கும் வாக்கியங்கள் எப்போதும் மூன்றாம் வகுப்புப் புத்தகம் மாதிரி இருக்கும், உனக்குத் தெரியும். வானம் தெளிவாக உள்ளது. அம்மா கடைக்குப் போனாள். இந்த முறை அதற்குக் கிடைத்தது முழுக்க முழுக்கச் சண்டை. இருமலை மட்டும் வெட்டினேன். ஈரத்தை வெட்ட முடியவில்லை, அது எழுத்துகளோடு ஒட்டியிருக்கிறது. சரியாக வருமா என்று தெரியாமலே ஏற்றினேன்.

முந்தாநாள் அவர் கையில் கொடுத்தேன். முதலில் என்ன அடிப்பார் என்று எல்லோரும் சுற்றி நின்றோம். அவர் மனைவி, நர்ஸ், நான். யோசித்து யோசித்து ஒரு விரலால் அடித்தார். கருவி சொன்னது:

"தண்ணி குடு."

நர்ஸ் ஒரு அடி பின்னால் போனாள். "ஏங்க கோவப்படறீங்க, இதோ தரேன்" என்றாள். அவர் வேறு எதையோ அடித்தார். "ரொம்ப நன்றிம்மா." அதுவும் அடிக்க வருகிற மாதிரித்தான் வந்தது. எதை அடித்தாலும் அப்படித்தான். அவர் தோள் குலுங்கியது. சத்தமில்லாமல் சிரித்தார்.

நான் அவர் மனைவியிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். இந்தத் தொனியை மாற்ற முடியாது, எங்களிடம் இருந்தது இவ்வளவுதான் என்று. அந்த அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. கருவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இந்த மனுஷன் தண்ணி கேட்டா இப்படித்தான் கேப்பாரு" என்றார். பிறகு, "இன்னும் கொஞ்சம் சத்தமா வைங்கம்மா."

வைத்தேன். பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

நீ கேட்ட நோயில்லாத குரல் இது இல்லை. ஈரம் அப்படியே இருக்கிறது. நீ ஹெட்போனில் கேட்டால் உனக்குப் பிடிக்காது. ஆனால் அவர் உன்னிடம் இதைக் கேட்கவும் இல்லை. நீ அவரைக் கேட்காமலே அவருக்காக முடிவு செய்தாய். நானும் உன்னைக் கேட்காமல் சுவரைப் பிய்த்தேன். இரண்டும் சமம் என்று சொல்ல வரவில்லை. உன்னுடையதுதான் பெரிது.

இத்துடன் ஒரு டிஸ்க் வருகிறது. ஏலக்காரரின் குரல் முழுவதும், கருவிக்குள் ஏறியது, ஏறாதது எல்லாம். ஒன்று ஆஸ்பத்திரியில். ஒன்று அவர் மனைவியின் அலமாரியில். கண்ணாடி அறைக்காரி சொன்னாள், ஒன்று வேறு ஊரில் இருக்க வேண்டுமாம். இங்கே தீப்பிடித்தாலும், வெள்ளம் வந்தாலும், என்னைப் போன்ற ஒருத்தி சுவிட்சைத் தள்ளினாலும், அது தப்ப வேண்டுமாம். வேறு ஊரில் எனக்கு யார் இருக்கிறார்கள்?

உன்னை நம்பி அனுப்பவில்லை. நீ தூரத்தில் இருக்கிறாய். அதற்காக அனுப்புகிறேன்.

அக்கா


செப்டம்பர் 2

அக்காவுக்கு,

டிஸ்க் வந்தது. பொட்டலத்தை நீ கட்டியிருக்கும் லட்சணத்துக்கு அது உயிரோடு வந்ததே பெரிது. அடுத்த முறை துணியில் சுற்றாதே.

செருகினேன். திறந்தது. முதலிலிருந்து கடைசிவரை ஒன்று விடாமல் கேட்டேன். எல்லாம் இருக்கிறது. என்னை ஜென்மம் என்கிற இடமும் இருக்கிறது. விளம்பரக் கம்பெனி வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள், அதனால் கேட்க நேரம் இருந்தது.

சும்மா அலமாரியில் வைத்திருந்தால் அது இருக்கிறதா செத்ததா என்று யாருக்கும் தெரியாது. மாதம் ஒருமுறை போட்டுக் கேட்டுவிட்டு, ஓடுகிறது என்று உனக்கு ஒரு வரி எழுதுவேன். வேறெதுவும் எழுதமாட்டேன். நீயும் உன்னிடம் இருப்பதைக் கேட்டுவிட்டு எழுது.

கேட்காமல் எழுதினால் எனக்குத் தெரிந்துவிடும்.

சின்னவன்